டெயில்வீல் கத்துக்கிட்டு இருக்கேன், வீட்டு சிமுலேட்டர்ல பழகுறது உதவுதா கெடுக்குதா?

டல்லாஸ்_மேகம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

டெக்சாஸ்ல இருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி மூக்குக்கு கீழ சக்கரம் வச்ச செஸ்னா 172ல பிரைவேட் லைசென்ஸ் எடுத்தேன், லாக்புக்ல இப்ப 140 மணி நேரம் இருக்கு. வால் சக்கரம் வச்ச பழைய பிளேன் ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்க அதுக்கு தனி டெஸ்ட் எதுவும் கிடையாது, இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்ல கையெழுத்து போடணும் அவ்வளவுதான். ஆனா அவர் போடறதுக்கு முன்னாடி சாதாரண டேக்ஆஃப் லேண்டிங், க்ராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காத்துல இறக்குறது), வீல் லேண்டிங் (வாலைத் தூக்கி வச்சு முன் சக்கரம் ரெண்டுல மட்டும் முதல்ல தொடுறது), கோ-அரவுண்ட் (இறங்காம பவர் குடுத்து மறுபடி மேல போறது) எல்லாம் நம்ம காலு கையில வந்திருக்கணும். இத்தனை மணி நேரம் பறந்தா போதும்னு ரூல் எதுவும் இல்ல, வந்தா வந்துச்சு, வரலன்னா இன்னொரு கிளாஸ்.

அதனால காசு மிச்சம் பண்ணலாம்னு நாலு மாசமா வீட்ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வச்சு பழகினேன். ரட்டர் பெடல் (ரட்டர்ங்கறது மூக்கை இடது வலது திருப்புற வால் பலகை, அதை கால்ல மிதிச்சு திருப்பணும்) வாங்கினேன், விஆர் ஹெட்செட் வாங்கினேன், சாவேஜ் கப், எக்ஸ்கப்னு ரெண்டு டெயில்வீல் பிளேன்லயும் சேர்த்து 70 மணி நேரத்துக்கு மேல போயிருக்கும். கடைசி மாசம் 12 நாட் க்ராஸ்விண்ட் வச்சுக்கூட நேரா இறக்கிட்டு இருந்தேன். முதல் கிளாஸ் சிட்டாப்ரியா 7இசிஏங்கற நிஜ டெயில்வீல் பிளேன்ல, இன்ஸ்ட்ரக்டர் பின் சீட்டுல. டாக்ஸி பண்றதுல, அதாவது தரையில ஓட்டிட்டுப் போறதுல, தப்பு எதுவும் வரல, டேக்ஆஃப் கூட பரவால்ல. லேண்டிங்ல மூணு சக்கரமும் ஒண்ணா தொட்டுச்சு, நானே சந்தோஷப்பட்டேன், அடுத்த நொடி மூக்கு இடது பக்கம் போக ஆரம்பிச்சது, நான் வலது பெடல் மிதிச்சேன், அது வந்துச்சு, ஆனா நிக்காம வலது பக்கம் போயிடுச்சு, நான் இடது மிதிக்கிறதுக்குள்ள பின்னாடி உக்காந்திருந்தவர் வாங்கிட்டார். அன்னைக்கு ஆறு லேண்டிங், ஆறுலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். காத்து வெறும் 5 நாட்.

இறங்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ வீட்ல சிம் ஓட்டுறியா?" ஆமான்னேன். கையெழுத்து வாங்குற வரைக்கும் அதை தொடாதன்னு சொல்லிட்டார். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமா போச்சு. வாரத்துக்கு ஒரு கிளாஸ்தான் முடியுது, பிளேனுக்கும் அவருக்கும் சேர்த்து மணிக்கு 250 டாலருக்கு மேல ஆகுது, நடுவுல ஆறு நாள் சும்மா உக்காந்திருக்கணுமா? 70 மணி நேரம் பழகின ஒண்ணு எப்படி ஒரு துளி கூட உதவாம போகும்? இதே மாதிரி யாராவது பட்டிருக்கீங்களா?

கோவை_சிம்மர்:

ப்ரோ, முதல்லயே சொல்லிடறேன், நான் நிஜ பிளேன் ஓட்டினதில்ல, சிம் மட்டும்தான், பத்து வருஷமா. அதனால உங்க இன்ஸ்ட்ரக்டர் சொன்னது தப்பு சரின்னு தீர்ப்பு சொல்ல எனக்கு தகுதி இல்ல. ஆனா சிம் பக்கத்துல இருந்து சில விஷயம் சொல்ல முடியும்.

முதல்ல செட்டிங்ஸ்ல அசிஸ்ட் எல்லாம் ஆஃப் பண்ணிருக்கீங்களான்னு பாருங்க. ஆட்டோ ரட்டர் ஆன்ல இருந்தா நீங்க மிதிக்காத ரட்டரை கம்ப்யூட்டர் மிதிச்சுட்டு இருக்கும், உங்களுக்கு தெரியவே தெரியாது. நான் டிசிஎஸ்ங்கற இன்னொரு சிம்ல அந்த இலவசமா வர்ற டிஎஃப்-51 மஸ்டாங் ஓட்டும்போது ஆறு மாசம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன், டேக்ஆஃப் அசிஸ்டன்ஸ்னு ஒண்ணு ஆன்லயே இருந்திருக்கு. அதை எடுத்த அன்னைக்கு ஓடுபாதைய விட்டு புல்லுக்குள்ள போயிட்டேன். அதுக்கப்புறம் ரட்டர் ட்ரிம் வலது 6 டிகிரி வச்சு, த்ராட்டிலை மெதுவா ஏத்தி, ஸ்டிக்கை பின்னாடி இழுத்து பிடிச்சு வச்சாதான் நேரா போச்சு. மஸ்டாங்ல ஸ்டிக் பின்னாடி இருந்தாத்தான் வால் சக்கரம் லாக் ஆகும், அப்ப ரெண்டு பக்கமும் 6 டிகிரிதான் திரும்பும். ஸ்டிக்கை முன்னாடி தள்ளினா லாக் விட்டு சுத்தும். அந்த காரணகாரியம் எல்லாம் எனக்கு சிம்தான் சொல்லிக் குடுத்துச்சு, அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

ரெண்டாவது பெடல். நம்ம வாங்குற பெடல்ல நடுவுல ஒரு ஸ்ப்ரிங் இருக்கு, காலை எடுத்தா டக்குனு நடுவுக்கு வந்துடும். எந்த ஸ்பீடுலயும் ஒரே கனம்தான். நிஜத்துல ஸ்பீடு இருக்கும்போது பெடல் கனமா இருக்கும், ஸ்பீடு குறைய குறைய தொளதொளன்னு ஆயிடும்னு ஓட்டுறவங்க சொல்றாங்க. அது உண்மைன்னா உங்க கால் 70 மணி நேரமா பழகினது அந்த ஸ்ப்ரிங்கைத்தான், பிளேனை இல்ல. இதை ஓட்டினவங்க யாராவது சரியா தப்பான்னு சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

வடலி_விமானி:

வணக்கம் தம்பி. நான் கனடாவில, டொரொண்டோவுக்கு கிட்ட இன்ஸ்ட்ரக்டரா இருக்கிறன், பதினொரு வருசமாச்சு. கூடுதலா படிப்பிக்கிறது டெயில்வீல்தான். எங்கட நாட்டில உங்களை மாதிரி கையெழுத்து சட்டம் ஒண்டும் இல்லை, ஆனா இன்சூரன்ஸ்காரர் விடமாட்டினம், அதால எல்லாரும் வந்து படிச்சுத்தான் போறவை. சிம்மில பழகிட்டு வாற பிள்ளையள் இப்ப கனபேர். நீங்கள் எழுதினதை வாசிக்கேக்க எனக்கு உங்கட ஆறு லேண்டிங்கும் கண்ணுக்கு முன்னால ஓடினது.

கோவைத் தம்பி கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுறன். ஓம், பெடல் விசயம் சரி. ஆனா அது சின்ன விசயம். பெரிய விசயம் வேற.

டெயில்வீலில பாரத்தின்ர மையம் முன் சக்கரத்துக்கு பின்னால கிடக்குது. 172ல அது பிரதான சக்கரத்துக்கு முன்னால, அதால மூக்கு கொஞ்சம் விலகினாலும் அந்தப் பாரமே இழுத்து நேராக்கிப் போடும். இதில அதே பாரம் விலகினதை இன்னும் விலக்கும். அப்ப என்ன நடக்குதெண்டால், விலகல் தொடங்கி அரை செக்கனுக்குள்ள நீங்கள் பிடிச்சால் பெருவிரல் அளவு மிதி காணும். ஒரு செக்கன் பிந்தினால் முழுப் பெடலும் வேணும். அதுக்கும் பிந்தினால் பெடல் காணாது, பிரேக் வேணும், அதுக்குப் பிறகு ஒண்டும் காணாது, பிளேன் தான் நினைச்ச பக்கம் சுத்தி நிக்கும்.

இப்ப அந்த முதல் அரை செக்கனை உங்களுக்கு ஆர் சொல்லுறது? சிம்மில கண் மட்டும்தான். மூக்கு விலகினதைக் கண் கண்டு, பிறகுதான் கால் போகுது. கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு விலகிட்டுது எண்டால் அது ஏற்கனவே வேகம் எடுத்திட்டுது. உண்மையான பிளேனில கண்ணுக்கு முதல் இடுப்புக்குத் தெரியும். கதிரை உங்களை ஒரு பக்கத்தால மெல்லத் தள்ளும், காதுக்குள்ள இருக்கிற அந்தச் சமநிலைக் குழாய் சுத்தல் தொடங்கினதைப் பிடிக்கும், அதை நீங்கள் யோசிக்க முதல் கால் போயிடோணும். உங்கட கால் கண்ணின்ர கட்டளைக்கு காத்திருந்து பழகிட்டுது. அதாலதான் பிந்துது. பிந்தினபடியால் கூட மிதிக்கிறியள், கூட மிதிச்சபடியால் மற்றப் பக்கம் போகுது. நீங்கள் முதல் தரம் வலது மிதிச்சது பிழையில்லை தம்பி, மிதிச்சிட்டு காலை எடுக்காமல் வச்சிருந்ததுதான் பிழை. மூக்கு திரும்பி வரத் தொடங்கினதை உடம்பு சொல்லேக்க காலை எடுத்திருக்கோணும், நீங்கள் அது நடுவுக்கு வந்ததைக் கண்ணால பாக்குமட்டும் காத்திருந்தனீங்கள்.

இன்னொண்டு, பார்வை. மூண்டு சக்கரத்தில இறக்கேக்க மூக்கு உயர்ந்து நிக்கும், முன்னால ஓடுபாதை மறைஞ்சு போற பிளேனும் இருக்கு. அப்ப ரெண்டு கரையையும் கடைக்கண்ணால ஒரே நேரத்தில பாக்கோணும். சாதாரண விஆர் ஹெட்செட்டில தெரியிறது கிட்டத்தட்ட 100 டிகிரி, எங்கட கண்ணுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 180க்கு மேல. அந்த விடுபட்ட கரையிலதான் விசயம் கிடக்குது. சிம்மால வாறவை எல்லாரும் மூக்குக்கு மேலால நேர முன்னுக்கே முறைச்சுப் பாத்துக்கொண்டு இருப்பினம். நான் கையால தலையைத் திருப்பி விட்ட பிள்ளையளும் இருக்கினம்.

ஆனா சிம்மைத் தூக்கி எறியுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். இது இண்டைக்கு வந்த பிரச்சினையும் இல்லை. லிங்க் எண்டவர் 1929ல அந்த நீலப்பெட்டி ட்ரெயினரைச் செய்தவர், 1934ல அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டி வாங்கினது. ஏன் வாங்கினது? தபால் கொண்டு போன விமானிகள் மோசமான காலநிலையில வெளியில ஒண்டும் தெரியாமல் செத்துக்கொண்டு இருந்தினம், அவைக்கு இன்ஸ்ட்ரூமெண்டைப் பாத்துப் பறக்கப் பழக்கிறதுக்கு. இறக்கப் பழக்கிறதுக்கு இல்லை. லேண்டிங் பழகினது ஸ்டியர்மனில, பேந்து டெக்சனில, எல்லாம் வால் சக்கரம், எல்லாம் உண்மையான நிலத்தில. பெட்டி எதுக்கு நல்லதோ அதுக்கு அப்பவும் நல்லது, இப்பவும் நல்லது.

டல்லாஸ்_மேகம்:

அக்கா, ரொம்ப நன்றி. "காலை எடுக்காமல் வச்சிருந்ததுதான் பிழை", இதை ரெண்டு மூணு தடவை படிச்சேன். என் இன்ஸ்ட்ரக்டர் பின்னாடி இருந்து "ஆஃப், ஆஃப்"னு கத்திட்டு இருந்தார், நான் பவரை ஆஃப் பண்ண சொல்றாருன்னு நெனச்சு த்ராட்டிலை தேடிட்டு இருந்தேன். இப்பதான் புரியுது காலை எடுக்க சொல்லிருக்கார்.

கோவை ப்ரோ, அசிஸ்ட் எல்லாம் ஆஃப்தான், இப்ப மறுபடி செக் பண்ணேன்.

அப்ப அக்கா, சிம்ல எதை வச்சுக்கலாம் எதை விடணும்?

பழைய_புஷ்பக்:

தம்பி, வயசானவன் நடுவுல வர்றேன்னு நெனைக்காதீங்க. நான் 1974ல தென்னிந்தியாவுல ஒரு ஃப்ளையிங் கிளப்புல புஷ்பக்ல கத்துக்கிட்டவன். உங்கள்ல பல பேருக்கு அந்த பேரே தெரியாது. பெங்களூர் எச்ஏஎல் பண்ணின பிளேன், 1958ல முதல்ல பறந்தது, 90 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின், துணி போர்த்தின மேல் இறக்கை, ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம், பின்னாடி வால் சக்கரம். அன்னைக்கு நம்ம நாட்டு கிளப்புல கத்துக்கிட்ட பல பேர் முதல்ல தொட்டதே வால் சக்கரம்தான், அதனால அதை கஷ்டம்னு நாங்க நெனைக்கல, பிளேன்னாலே இப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம்.

எங்களுக்கு ஏதுப்பா சிமுலேட்டர். ஒரு மர நாற்காலி, கையில ஒரு குச்சி, கண்ணை மூடிக்கிட்டு ஒரு சர்க்யூட் முழுக்க வாய்விட்டு சொல்லணும், த்ராட்டில் மெதுவா, வலது கால், வால் தூக்குது, இன்னும் கொஞ்சம் வலது கால், இப்படியே இறங்கி நிக்கிற வரைக்கும். தினம் சாயங்காலம் அரை மணி நேரம். அது உதவுச்சு. ஆனா அந்த நாற்காலி எனக்கு பறக்க தெரியும்னு என்னை நம்ப வைக்கல பாருங்க. நாற்காலி நாற்காலின்னு எனக்கு தெரியும். உங்க கண்ணாடிக்குள்ள ஓடுபாதை, மேகம், நிழல் எல்லாம் அச்சா தெரியுது, அதனால உடம்பும் கத்துக்கிச்சுன்னு மனசு நம்பிடுது.

ஒரு நாள் சொல்றேன். சோலோ போய் மூணாவது வாரம். புல் தரையில நல்லா இறக்கிட்டேன், ஸ்பீடு முக்காவாசி குறைஞ்சுடுச்சு, இனிமே டாக்ஸி பண்ற வேகம்தான்னு காலை தளர்த்திட்டேன். பக்கவாட்டுல ஒரு காத்து, பெருசா ஒண்ணும் இல்ல. பிளேன் காத்துப் பக்கமா மூக்கைத் திருப்புச்சு, நான் முழுசா மிதிச்சேன், ஒண்ணும் நடக்கல. அந்த வேகத்துல ரட்டருக்கு காத்து போதாது, வால் சக்கரத்துக்கோ இன்னும் பாரம் இறங்கல ஏன்னா ஸ்டிக்கையும் நான் பின்னாடி இழுத்து வைக்கல. ரெண்டும் இல்லாத அந்த இடைப்பட்ட நேரம். முக்கால் வட்டம் சுத்தி நின்னுச்சு, இறக்கை நுனி புல்லை உரசி துணி கிழிஞ்சது. எனக்கு ஒண்ணும் ஆகல. தார் ரோடா இருந்தா டயர் பிடிச்சு சக்கரக் காலே மடங்கியிருக்கும், புல்லு வழுக்கி விட்டதால பிழைச்சுது. இறங்கி நின்னு அந்த கிழிசலை பாத்தப்ப கை நடுங்கினது இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் இன்ஜின் நிக்கிற வரைக்கும் என் கால் ஒரு தடவை கூட தளர்ந்ததில்ல. அந்த பயம் இருக்கு பாருங்க, அதை எந்த பெட்டியும் குடுக்காது.

உங்க ஊர்ல டிராக்டர் பாத்திருப்பீங்கள்ல? டிரெய்லர் மாட்டின டிராக்டரை முன்னாடி ஓட்டினா டிரெய்லர் தானா பின்னாடி வரும், அது உங்க 172. அதையே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க. ஸ்டீயரிங் துளி திரும்பினா போதும், டிரெய்லர் ஒரு பக்கம் மடங்க ஆரம்பிச்சுடும், சும்மா விட்டா மடங்கிட்டே போகும். ரிவர்ஸ் நல்லா எடுக்கிற ஆளோட கையை பாருங்க, ஸ்டீயரிங்கை பெருசா திருப்பவே மாட்டான், சின்ன சின்னதா குடுத்துட்டு எடுத்துட்டே இருப்பான். இந்த மிதி விடு, மிதி விடு அதுதான்.

இன்னொரு விஷயம். என் இன்ஸ்ட்ரக்டர் விமானப்படையில டைகர் மாத்ல கத்துக்கிட்டவர். அதோட இன்ஜின் காக்பிட்ல இருந்து பாத்தா இடஞ்சுழியா சுத்தும், த்ராட்டில் குடுத்தா மூக்கு வலது பக்கம் போகும், இடது கால் வேணும். புஷ்பக் இன்ஜின் வலஞ்சுழி, அதுல வலது கால் வேணும். அவர் சொல்வார், புஷ்பக்குக்கு மாறின முதல் நாள் ஆயிரம் மணி நேரம் பழகின கால் தப்பான பக்கம் போச்சுன்னு. கால்ல ஏறின பழக்கம் பிளேன் மாறினா தானா மாறாது. நிஜ பிளேன்ல ஏறின பழக்கத்துக்கே அந்த கதின்னா, நீங்க ஆறு நாள் சிம், ஒரு நாள் சிட்டாப்ரியான்னு மாறி மாறி மிதிச்சா கால் யார் பேச்சை கேக்கும்?

அரிசோனா_கழுகு:

எல்லாரும் சிம்முக்கு எதிராவே பேசுறீங்க, நான் மறுபக்கம் சொல்லிடறேன். நான் ஃபீனிக்ஸ் பக்கம், போன வருஷம் இதே சிட்டாப்ரியாலதான் எண்டார்ஸ்மெண்ட், அதான் அந்த கையெழுத்து, வாங்கினேன், 7.5 மணி நேரத்துல. கிளாஸ் நடக்கும்போது வாரம் நாலு நாள் சிம் ஓட்டினேன், எனக்கு எந்த கெடுதலும் ஆகல. சும்மா இல்ல, நல்லாவே உதவுச்சு.

நான் எதுக்கு யூஸ் பண்ணேன்னா வீல் லேண்டிங் பவுன்ஸுக்கு. முன் சக்கரம் ரெண்டும் கொஞ்சம் வேகமா தரையில இடிச்சா, பாரம் பின்னாடி இருக்கறதால வால் கீழ போகும், வால் போனா இறக்கை கோணம் ஏறும், பிளேன் மறுபடி எகிறும். அப்ப கை என்ன பண்ணும்? பயத்துல ஸ்டிக்கை முன்னாடி தள்ளும், அது இன்னும் மோசமா இடிக்கும், மூணாவது எகிறல்ல புரொப்பல்லர் போயிடும். அந்த நேரத்துல பவர் குடுத்து கோ-அரவுண்ட் போறதுதான் சரி. நான் சிம்ல வேணும்னே இடிச்சு இடிச்சு நூறு தடவைக்கு மேல கோ-அரவுண்ட் போனேன். நிஜத்துல எகிறினப்ப யோசிக்கவே இல்ல, கை தானா த்ராட்டிலுக்கு போச்சு. என் இன்ஸ்ட்ரக்டரே நல்ல முடிவுன்னாரு. இதை நிஜ பிளேன்ல நூறு தடவை பண்ண எவன் விடுவான்?

அதனால மேகம், "தொடவே கூடாது"ங்கறது கொஞ்சம் ஓவர்னுதான் எனக்கு தோணுது. ஆனா ஒரு கேள்வி. நீங்க சிம்ல ஓட்டினது எக்ஸ்கப், 180 குதிரைசக்தி. நீங்க கத்துக்கறது 7இசிஏ, 118. மூக்கோட உயரமும் வேற, முன்னாடி தெரியிற காட்சியும் வேற. சிட்டாப்ரியாவுல முன் சீட்டுல இருந்து தரையில நிக்கும்போதே முன்னாடி ஓரளவு நல்லாவே தெரியும். அப்ப நீங்க இறக்கும்போது மூக்கை எந்த உயரத்துக்கு தூக்குனீங்க? சிம் படத்துக்கா, இந்த பிளேனுக்கா?

வடலி_விமானி:

அரிசோனாத் தம்பி சொன்னதை நான் மறுக்கேல்லை. வடிவா பாருங்கோ, அவர் சிம்மில பழகினது காலை இல்லை, ஒரு முடிவை. எகிறினால் பவர், அவ்வளவுதான். முடிவெடுக்கிறது பெட்டிக்குள்ள பழகலாம், அது கதிரையில இருந்தும் வரும், ஐயா மர நாற்காலியில செய்ததும் அதுதானே. சமநிலை வராது. அதோட அவர் கிளாஸ் தொடங்கின பிறகு சிம் ஓட்டினவர், உண்மையானது எப்பிடி இருக்குமெண்டு உடம்புக்கு முதலே தெரியும். நீங்கள் 70 மணித்தியாலம் உண்மையைத் தெரியாமல் பழகிட்டு வந்தனீங்கள். ரெண்டும் ஒண்டில்லை.

உங்கட இன்ஸ்ட்ரக்டர் நிப்பாட்டச் சொன்னது எனக்கு விளங்குது, உங்கட காலில ஏறினதைக் கழட்டோணும், அதுக்குத்தான். நான் எண்டால் என்ர மாணவனுக்கு இப்பிடிச் சொல்லுவன், ஆனா அவரைக் கேட்டிட்டுச் செய்யுங்கோ, பிளேனில பின்னுக்கு இருக்கிறது அவர்.

நிலத்தில ஓடுற எதையும் சிம்மில இப்ப செய்யாதேங்கோ. டேக்ஆஃப் ஓட்டமும் வேண்டாம், இறங்கின பிறகு ஓடுற ரோல்அவுட்டும் வேண்டாம். வானத்தில இருந்து தொடங்குங்கோ, டவுன்விண்டில (ஓடுபாதைக்குப் பக்கத்தால, இறங்கிற திசைக்கு எதிரா பறக்கிற இடம்) இருந்து வந்து, ஓடுபாதைக்கு அஞ்சடி மேல கோ-அரவுண்ட். ஸ்பீட், உயரம், வழுக்கிக்கொண்டு இறங்கிற ஃபார்வர்ட் ஸ்லிப், காத்துப் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி ரட்டரால மூக்கை நேராக்கிறது, இதெல்லாம் சிம்மில நல்லா வரும், கிளாசில நேரம் மிச்சம். அதோட டாக்ஸி பண்ணேக்க காத்துக்கு ஸ்டிக்கை எங்க வைக்கோணும் எண்டதை பேப்பரில பிளேன் கீறி, காத்து எந்தப் பக்கம் எண்டு ஒருத்தரை கேக்கச் சொல்லிப் பழகுங்கோ. முன்னால இருந்து சாய்வா வந்தால் ஸ்டிக் பின்னுக்கு, காத்துப் பக்கம். பின்னால இருந்து சாய்வா வந்தால் ஸ்டிக் முன்னுக்கு, காத்துக்கு எதிர்ப்பக்கம். அதுக்குச் சிம்மே தேவையில்லை.

மற்றது காசு செலவில்லாத வேலை. கிளாசுக்கு இருபது நிமிசம் முந்திப் போங்கோ. நிப்பாட்டி வச்சிருக்கிற பிளேனில ஏறி சும்மா இருங்கோ. அது நிக்கிற நிலைதான் மூண்டு சக்கரத்தில இறங்கேக்க நீங்கள் பாக்கப் போற காட்சி. மூக்கு அடிவானத்தில எங்க வெட்டுது, ரெண்டு கரையும் கண்ணாடியில எங்க வருது, அதைப் பாடமாக்குங்கோ. அரிசோனாத் தம்பி கேட்ட கேள்விக்கு அதில பதில் கிடைக்கும். பேந்து இன்ஸ்ட்ரக்டரைக் கேளுங்கோ, மேல போய் நேர் பறப்பில இறக்கையை இடதும் வலதும் சாய்ச்சுக்கொண்டு மூக்கை ஒரே இடத்தில வச்சிருக்கப் பழக்கச் சொல்லி. பத்து நிமிசம் செய்தால் கால் முழிச்சிடும்.

கடைசியா, நீங்கள் என்ன சப்பாத்து போட்டுக்கொண்டு போறனீங்கள்?

டல்லாஸ்_மேகம்:

ரன்னிங் ஷூ அக்கா, அடி நல்லா தடிமனா இருக்கும். ஏன்?

வடலி_விமானி:

அதை மாத்துங்கோ. மெல்லிசான அடி உள்ளதா போடுங்கோ. ரெண்டு இன்ச் ரப்பருக்குள்ளால பெடல் உங்களுக்கு என்ன சொல்லும்?

டல்லாஸ்_மேகம்:

மூணு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லாம போகக்கூடாதுன்னு வந்தேன்.

இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். தரையில ஓடுறது இல்லாம, வானத்துல இருந்து கோ-அரவுண்ட் வரைக்கும்னா சரின்னார். அவரே ஒண்ணு சேர்த்தார், இனிமே அடுத்த ரெண்டு கிளாஸ் புல் ஓடுபாதையில. ரெண்டாவது கிளாஸ்ல லேண்டிங்குக்கு முன்னாடி அரை மணி நேரம் டாக்ஸி மட்டும், ரன்வேல கொஞ்சம் வேகமா, வால் தூக்காம, நான் நேர முன்னாடி பாக்காம பக்கவாட்டுல கரையை பாத்துட்டு போகணும். முதல் பத்து நிமிஷம் பாம்பு மாதிரி போனேன். அப்புறம் எப்பன்னு தெரியல, ஒரு கட்டத்துல பின்பக்கம் சீட்டு ஒரு பக்கமா நகர்ற மாதிரி ஒரு உணர்வு, கால் அதுக்குள்ள போயிட்டு வந்துடுச்சு, நான் போகச் சொல்லல. அதை எப்படி எழுதறதுன்னே தெரியல. புஷ்பக் ஐயா சொன்ன ரிவர்ஸ் எடுக்கிற கைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு, எங்க மாமா தோட்டத்துல டிராக்டர் ஓட்டுவார், கரும்பு லோடு டிரெய்லரை சந்துக்குள்ள ரிவர்ஸ்ல விடுவார், சின்ன வயசுல பாத்துட்டே நின்னிருக்கேன்.

அரிசோனா ப்ரோ, நீங்க கேட்டது சரியான கேள்வி. நிக்கிற பிளேன்ல உக்காந்து பாத்தேன், சிம்ல நான் தூக்கின அளவுக்கு இதுல மூக்கு தூக்கவே வேண்டாம். முதல் கிளாஸ்ல வால் சக்கரம் ஒரு நொடி முன்னாடியே தொட்டிருக்கு, மூணும் ஒண்ணா தொட்டதா நான்தான் நெனச்சிருக்கேன்.

நேத்து நாலாவது கிளாஸ். எட்டு லேண்டிங், அதுல அஞ்சு அவர் தொடவே இல்ல. மூணுல தொட்டார், எல்லாம் கடைசி வேகத்துல, ஐயா சொன்ன அதே இடத்துல, நான் முடிஞ்சுதுன்னு நெனச்ச இடத்துல. ஒண்ணுல ஸ்டிக் பின்னாடி வைக்க மறந்துட்டேன். அடுத்த சனிக்கிழமை தார் ரன்வே, காத்து தெற்குல இருந்து 10 நாட்னு சொல்றாங்க, ரன்வே 13, அதாவது தென்கிழக்கு பாத்து இறங்குறது.

ஐயா, தார்ல முதல் தடவை போகும்போது கால்ல என்ன வித்தியாசம் தெரியும்?

பழைய_புஷ்பக்:

புல்லு நீங்க பண்ற தப்பை கொஞ்சம் வழுக்கி விட்டு மன்னிக்கும், தார் அப்படியே பிடிச்சுக்கும். கோணலா தொட்டா தொட்ட நொடியே இழுக்கும். அதனால தொடறதுக்கு முன்னாடியே மூக்கு ஓடுபாதைக்கு நேரா இருக்கணும், பக்கவாட்டு நகர்வும் இருக்கக்கூடாது. ரன்வே 13ல தெற்குக் காத்துன்னா உங்களுக்கு வலது பக்கத்துல இருந்து வரும். வலது இறக்கை தாழ்ந்து, வலது சக்கரம் முதல்ல தொடட்டும், அப்புறம் இடது. தொட்டதும் ஸ்டிக்கை நடுவுக்கு கொண்டு வந்துடாதீங்க, வேகம் குறைய குறைய காத்துப் பக்கம் இன்னும் இன்னும் போயிட்டே இருக்கணும், நிக்கும்போது வலது தொடையில முட்டிட்டு, முழுசா பின்னாடி இருக்கணும். ஹேங்கர் வரைக்கும் அப்படியே.

டல்லாஸ்_மேகம்:

சரிங்க ஐயா. அக்கா, மெல்லிசு அடி வச்ச சப்பாத்து வாங்கிட்டேன்.